காத்து நிறையட்டு

செங்கல்,
11.2.2025

என் அன்புத் தங்கச்சி சானுவுக்கு,

அக்கா எழுதுவது. அப்பாவின் முட்டுவலியைத் தவிர இங்கே எல்லாரும் சுகம். போனில் கேட்காமல் ஏன் தபால் என்று நினைப்பாய். உன் போனை இப்போது யார் யார் ஒட்டுக்கேட்கிறார்களோ! தமிழில் எழுதினால் ஹாஸ்டலில் உன்கூட இருக்கும் மலையாளப் பிள்ளைகள் எடுத்துப் பார்த்தாலும் ஒன்றும் புரியாது. கவரை ஒட்டி, ஒட்டின இடத்தின் மேல் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். அது கலைந்திருந்தால் எழுது.

டிவியில் அந்த இசை விருது விழாவைப் பார்க்க சர்ச் சபையில் பாதிப்பேர் நம் வீட்டுக்குத்தான் வந்தார்கள். தங்கபாய் மாமி சீனி போட்ட காப்பியை இரண்டு தடவை வாங்கிக் குடித்தார். சுகர் இருக்கிறது என்று அவர் சொல்வதே பொய்யோ என்று எனக்குச் சந்தேகம். நீ மேடைக்கு வந்து நம் சபைப் பாட்டையே எடுத்ததும் அப்பா எழுந்து நின்றுவிட்டார். பாதிப் பாட்டில் ஷால் நழுவியது, நீ மைக்கை இடுப்புவரை இறக்கிவிட்டு அதைச் சரிசெய்தாய். பாட்டு நிற்கவே இல்லை! குரல் அப்படியே போய்க்கொண்டிருந்தது. கடைசியில் மாமிதான், "எம்மா, மைக்கு கீழ கெடக்கு, பாட்டு எங்கேருந்தாக்கும் வருது?" என்று கேட்டார்.

மறுநாள் எல்லாச் சானலிலும் அதே பேச்சு. லைவ் என்று சொல்லிவிட்டு ரெக்கார்டு போட்டு வாயசைத்தாளாம். விசாரித்து முடியும்வரை விருதை உன் கையில் தர மாட்டார்களாமே, உள்ளதா? நெய்யாற்றின்கரை கோர்ட்டில் நாள் முழுக்கச் சாட்சிகள் சொல்வதை டைப் அடிக்கிறவள் நான். என்னிடம் மறைக்காதே. உள்ளதை எனக்கு மட்டும் சொல்லு. வேறு ஒரு ஆளிடமும் நான் வாய் திறக்க மாட்டேன்.

உன் அக்கா
ஷைலஜா


கொச்சி,
16.2.2025

பிரியமான அக்காவுக்கு,

கையெழுத்து கலையவில்லை. நீ பசையைக் கொட்டியிருந்த அழகில் எனக்கே திறக்க முடியாமல் கத்தி எடுத்தேன். உன் கடிதத்தைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது. இந்த எட்டு நாளில் என்னைப் பற்றிப் பேசாதவர்கள் இல்லை, என்னிடம் கேட்டது நீ ஒருத்திதான்.

நான்தான் பாடினேன் அக்கா. ஒத்திகையிலேயே கையில் பிடிக்கும் மைக் கரகரத்தது. அதனால் நெற்றிக்கு மேலே தலைமுடிக்குள் பயறு அளவில் ஒரு சின்ன மைக்கை ஒட்டிவிட்டார்கள். கையில் இருந்தது வெறும் காட்சிக்கு. வெறுங்கையோடு நின்றால் பாட்டுக்காரி மாதிரி இருக்காதாம். இதை அந்த சவுண்டுக்காரர்களே சொல்லியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். சொன்னால் அவர்கள் மைக் கெட்டுப்போனது வெளியே வருமே, அதனால் வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள்.

இருபத்தெட்டாம் தேதி விசாரணை. அதில் தோற்றால் விருது போகும். பேசி வைத்த இரண்டு படமும் போகும். பிறகு என்னை ஒருவரும் பாடக் கூப்பிட மாட்டார்கள். இதில் இன்னொன்று. விழாவுக்கு மறுநாளே ஒரு பெண் பேர் சொல்லாமல் விருதுக் கமிட்டிக்குப் போன் செய்து, அது சானுவின் குரலே இல்லை என்று சொல்லியிருக்கிறாளாம். அதற்குப் பிறகுதான் விசாரணை என்றே முடிவானதாம். என்மேல் இவ்வளவு கோபம் யாருக்கு? சந்தேகப்படுவதில் உன்னைவிடக் கெட்டிக்காரி யார் இருக்கிறார்கள், நீயே யோசித்துச் சொல்லு.

அப்பாவுக்கு முத்தம்.

உன்
சானு


செங்கல்,
21.2.2025

அன்புள்ள சானு,

போன் செய்தது யாராகவும் இருக்கலாம். உன்கூடப் பாடிய ஷீனாவுக்கு உன்னைப் பார்த்தாலே ஆகாது. தங்கபாய் மாமியையும் விட்டுவிட முடியாது, நம் வீட்டு முருங்கைக்காய் குறைவது அவர் வந்துபோன பிறகுதான்.

தலைமுடிக்குள் மைக் என்பதை அப்பா அப்படியே நம்பிவிட்டார். நான் அந்தப் பாட்டை யூடியூபில் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். கோபப்படாமல் படி.

நம் சபைக் கால் ஹார்மோனியத்தின் துருத்தி கிழிந்திருந்ததே, இந்தப் பாட்டு மேலே ஏறுகிற வரியில் காற்றுப் போதாமல் ராபின்சன் சார், "நில்லுங்க மக்கா, காத்து நிறையட்டு" என்று மிதிப்பாரே. நாமும் வரியின் நடுவில் நின்று மூச்செடுப்போம். கீபோர்டு வாங்கி எத்தனையோ வருஷமாகியும் நான் இன்றைக்கும் அங்கே நிற்கிறேன். சினிமாவுக்குப் பாடுகிறவர்கள் யாரும் அப்படி நிற்க மாட்டார்கள். நீயே சொன்னாய், கொச்சி வாத்தியார் அந்தப் பழக்கத்தை விடச் சொல்லித் திட்டுகிறார் என்று. ஆனால் விழாவில் கேட்ட குரல் அந்த இடத்தில் நிற்கிறது.

கிறிஸ்துமஸுக்கு வந்தபோது அடுக்களையில் நான் மீன் செதிள் எடுத்துக்கொண்டிருக்க, "அக்கா, அந்தப் பாட்ட ஒருக்கா பாடு, கேக்கட்டு" என்று போனை நீட்டிப் பதிவு செய்தாயே. எதற்கு? அன்றைக்கு எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

சபையில் தனிப்பாட்டு எப்போதும் எனக்குத்தான், உனக்குப் பின்பாட்டு. அப்பாவால் ஒருத்தியைத்தான் பாட்டுப் படிக்க அனுப்ப முடிந்தது, நீ போனாய். அதில் எனக்கு வருத்தம் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. என் குரல் அந்த மேடைவரை போனதென்றால் சந்தோஷப்படவும் எனக்குத் தெரியும். என் பேரைச் சொல்லியிருக்கலாம், அவ்வளவுதான்.

ஷைலஜா


கொச்சி,
14.3.2025

அக்காவுக்கு,

விசாரணை முடிந்தது. விருது என் கையில் இருக்கிறது.

மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். பாடுவதற்கு முன்னால், அந்தப் போனில் வந்ததை எனக்குப் படித்துக் காட்டினார்கள். மேலே ஏறுகிற வரியில் வரும் மூச்சைப் பாருங்கள், அது அவளுடையது இல்லை, கிறிஸ்துமஸுக்கு வீட்டு அடுக்களையில் வைத்துப் பதிவு செய்துகொண்டு போன குரல் என்று அந்தப் பெண் சொல்லியிருக்கிறாள். அன்றைக்கு அடுக்களையில் நீயும் நானும் மீனும்தான் இருந்தோம்.

இசை ஒன்றும் இல்லாமல் பாடச் சொன்னார்கள். பயம் வந்தால் நான் எங்கே நின்றாலும் உடம்பு நம் சபைக்குத்தான் போகிறது. அந்த வரி வந்தது, நின்றேன், மூச்செடுத்தேன். விழாவில் பாடியதைப் போட்டுக் கேட்டார்கள். அதே இடம், அதே நீளம். ஏன் இங்கே நிற்கிறாய் என்று கேட்டார்கள். கிழிந்த துருத்தியையும் ராபின்சன் சாரையும் சொன்னேன். அதில் ஒரு அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். மைக் ஒட்டிய பையனும் வந்து உள்ளதைச் சொல்லிவிட்டான்.

நீ எனக்கு விரோதமாகச் சொன்ன மூச்சுதான் என்னைக் காப்பாற்றியது. அவர்களுக்குப் போன் செய்துவிட்டு வந்து உட்கார்ந்துதான், வேறு ஒரு ஆளிடமும் வாய் திறக்க மாட்டேன் என்று எனக்கு எழுதினாய். முதலில் என்னிடம் கேட்டிருக்கலாமே அக்கா.

உன் குரலைப் பதிவு செய்தது எதற்கு என்று கேட்டாய். இங்கே சோறு தொண்டையில் இறங்காத நாட்கள் உண்டு. அப்போது போட்டுக் கேட்பேன். மீன் செதிள் உரசுகிற சத்தமும் அதில் கேட்கும்.

ஈஸ்டருக்கு வரவில்லை. வேலை இருக்கிறது என்று அப்பாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். வேறு ஒன்றும் சொல்ல மாட்டேன், பயப்படாதே.

அந்த மூச்சை நிறுத்தச் சொல்லி வாத்தியார் எவ்வளவோ திட்டியிருக்கிறார். அதுவரை நிறுத்த எனக்கு மனம் வந்ததில்லை, அதனால் முடியவும் இல்லை. விசாரணைக்கு மறுநாள் நானே அவரிடம் போய் உட்கார்ந்தேன். இப்போது அந்த வரியை நிற்காமல் பாடிவிடுகிறேன்.

சானு