சனிக்கிழமை வந்த பெட்டி

அன்பு மகள் காளீஸ்வரிக்கு அம்மா அழகுத்தாய் எழுதிக்கொள்வது, நானும் உன் அப்பாவும் சுகம், கத்தாரில் நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க அய்யனார் துணை நிற்கட்டும். போனில் சொன்னால் நீ பாதியிலேயே சத்தம் போடுவாய், அதனால்தான் அங்கே திரும்புகிற வீரணன் மகன் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். இந்த வருஷமும் மழை ஏமாற்றிவிட்டது, மல்லி முளைத்ததோடு சரி. நீ நேரத்துக்குச் சாப்பிடு, டூட்டி டூட்டி என்று வயிற்றைக் காயப்போடாதே.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அருப்புக்கோட்டை பஞ்சு வியாபாரி சுந்தரபாண்டி அண்ணாச்சியின் சேவைக் கிளப்புக்கு நீ பணம் அனுப்பினாயே, அது வீண் போகவில்லை. எல்லோரும் கொடுப்பதை வெளிநாட்டில் ஒரு அறக்கட்டளையில் போட்டுவைத்து, மூன்று வருஷம் கழித்து அதில் ஒரு பங்கை ஊர்களுக்கு உதவியாகத் திருப்பித் தருவார்களாம். நம் ஊருக்கு என்ன வேண்டும் என்று கேட்டு வந்தார்கள். ஆம்பளைகள் ஊர் முகப்பில் வளைவு வேண்டும் என்றார்கள். மகளிர் குழுத் தலைவி என்று நான் ஒருத்தி எதற்கு இருக்கிறேன், பிணம் வைக்கிற குளிர்பெட்டி கொடுங்கள் என்று கேட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சித்திரை வெயிலில் சந்தனம்மாள் மதினி செத்தபோது டவுனில் வாடகைப் பெட்டி கிடைக்காமல் அன்றைக்கே எடுத்துவிட்டோம், மறுநாள் துபாயிலிருந்து ஓடிவந்த மதன்குமார் ஆத்தா மூஞ்சியைப் பார்க்க முடியாமல் சுடுகாட்டுச் சாம்பலில் விழுந்து புரண்டானே, அதை நான் மறக்கவில்லை.

பெட்டி வந்தது. ஆனால் கிளப்பின் பெரிய ஆளுக்குச் சனிக்கிழமைதான் தோதுப்பட்டது, சமுதாயக் கூடத்தில் அன்றைக்கே ரிப்பன் வெட்டிவிட்டார்கள். சனிப் பிணம் தனியே போகாது, சனிக்கிழமை வந்த பெட்டி மட்டும் ஒருத்தரோடு நிற்குமா என்று ஊரே பின்வாங்கிவிட்டது. அடுத்து இரண்டு சாவு விழுந்தும் ஐஸ் கட்டியில்தான் கிடத்தினார்கள். சனிக்கிழமை பாடையில் கோழி கட்டுகிற வழக்கம்தான் உனக்குத் தெரியுமே, அது மாதிரி வீரணன் ஒரு கோழியைப் பெட்டிக்குள் விட்டு, கரண்டு போட்டு மூடினார், இதுதான் முதல் பிணம் என்று கணக்கு. காலையில் மூடிப் பொழுது சாயத் திறந்தால் கோழி சிலிர்த்துக்கொண்டு இறங்கி நடந்து போகிறது. நடுவில் கரண்டு போயிருக்கும் என்றார் உன் அப்பா. அன்றைக்குக் கரண்டு போகவே இல்லை. ஆத்தாடி, பெட்டி கோழிய வேணாம்னு தள்ளிருச்சு, அது ஆளத்தான் கேக்குது என்றாள் உன் சின்னம்மா முனீஸ்வரி.

இதற்குள் கிளப்பிலிருந்து தாக்கல் சொல்லி அனுப்பினார்கள், பெட்டி பயன்படுவதாக அறிக்கை அனுப்ப வேண்டும், இல்லையென்றால் வேறு ஊருக்குக் கொடுத்துவிடுவார்களாம். எனக்கு வந்த ஆத்திரத்தில், ஆள்தானே கேக்குது, நானே ஏறிப் படுக்கேன், நூறு எண்ணித் திறங்க, அதோட பயம் தீரட்டும் என்று சொல்லிவிட்டேன். புதன்கிழமை உச்சிவெயிலில் ஊரே கூடி நிற்க, கரண்டு போடாமல் படுத்தேன், கண்ணாடியை மூடினார்கள். முப்பது வரைக்கும் எண்ணுகிற சத்தம் கேட்டது காளி. அப்புறம் நின்றுவிட்டது. மேலே குனிந்த முகங்கள் ஒன்றும் என்னைப் பார்க்கிற முகமாக இல்லை. முனீஸ்வரி தலையை அவிழ்த்துப் போட்டாள், கத்தாருல இருக்குற காளிக்கு யாரு தாக்கல் சொல்ல என்று ஒப்பாரி எடுத்தாள், பெண்கள் எல்லோரும் மாரில் அடித்துக்கொண்டு சேர்ந்துகொண்டார்கள். நான் கண்ணாடியைத் தட்டுகிறேன், கத்துகிறேன், ஒருத்தி கூட நிறுத்தவில்லை. உன் அப்பாதான் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து திறந்தார். நான் எழுந்து நின்ற பிறகும் பாட்டை முடித்துவிட்டுத்தான் ஓய்ந்தார்கள். பிறகு அவரவர் வீட்டுக்குப் போய்த் தலைக்குக் குளித்தார்கள்.

நான் நினைத்தது நடந்துவிட்டது. மறுவாரமே செத்துப்போன ரத்தினம் அண்ணனைப் பயமில்லாமல் அதில் வைத்தார்கள், புனேயிலிருந்து மகன் வந்து அப்பன் முகத்தைக் கண்குளிரப் பார்த்தான். முதல் ஆள்தான் போயாச்சே, இனி என்ன என்று என் காதுபடவே பேசுகிறார்கள். குழாயடியில் நான் போனால் வழிவிட்டு ஒதுங்குகிறார்கள், சாப்பிட்டியா என்று ஒருத்தி கேட்பதில்லை. சடங்கு வீட்டுக்காரர்கள் அப்பாவை மட்டும் அழைத்துவிட்டு என்னைத் தாண்டிப் போனார்கள். உன் அப்பா விடியக்காலம் என் பாதத்தைத் தொட்டுப் பார்க்கிறார், கேட்டால் கொசு அடித்தேன் என்கிறார். நான் யாருக்கும் பயப்படுகிறவள் இல்லை, உனக்கே தெரியும். ஆனால் காளி, இப்போது பயமாக இருக்கிறது. நேற்று விளக்கேற்றும்போது, நாம் நிஜமாகவே எழுந்து வந்தோமா என்று எனக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துவிட்டது.

நீயும் மாப்பிள்ளையும் நீடூழி வாழ வேண்டும், பேத்திக்கு என் முத்தம். லீவு கிடைக்கிற அன்றைக்கே புறப்பட்டு வா. வந்து, பஸ்ஸை விட்டு இறங்கினதும் ஊர் நடுவில் நின்று, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி என்னை ஒரு தடவை அம்மா என்று கூப்பிடு.

இப்படிக்கு,
உயிரோடு இருக்கும் உன் அம்மா,
ச. அழகுத்தாய்