வெடிக்கு வெளிச்சம் வேண்டும் என்றவளுக்கு

அம்மா வீட்டுச் சமையலறையில் டியூப் லைட்டின் ஸ்டார்ட்டர் போய்விட்டது. நேற்று சாயங்காலம் தம்பி சுவிட்சைப் போட்டதும் விளக்கு வெட்டி வெட்டி எரிய ஆரம்பித்தது. கையிலிருந்த தட்டைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய் அணைத்தேன். "ஒரு லைட்டுக்குப் போயி ஏன்க்கா இந்தக் கத்து கத்தற?" என்று கேட்டான். கத்தினேனா என்றே எனக்குத் தெரியவில்லை. அவனிடம் என்னத்தைச் சொல்வது? நீ போய் இத்தனை வருஷம் ஆகிவிட்டது, ஆனாலும் திண்டிவனத்துக்கு வந்தால் எனக்குப் பேச ஆள் நீதான்.

தொண்ணூறுகளின் கடைசி அது. காலேஜ் விட்டதும் நாம் இரண்டு பேரும் துணிக்கடை மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டருக்குப் போவோம். செருப்பை வெளியே விட்டுவிட்டு, ஏசி குளிருக்குத் துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்காருவோம். எனக்கு ஒரு வேலை கிடைத்தால் போதும். உனக்கு ஓமந்தூர் பக்கம் போகும் டவுன் பஸ்ஸை விட்டுவிடக் கூடாது. எந்நேரமும் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாய்.

பஸ் கவலையெல்லாம் ஒரே நாளில் போயிற்று. யாரோ போட்டுவைத்திருந்த பாம்பு விளையாட்டை ஆடிக்கொண்டிருந்தவள், ஏதோ ஒரு விசையைத் தப்பாக அழுத்தினாய். பாம்பு மறைந்து திரை முழுக்க வரிவரியாக எழுத்து வந்து நின்றது.

"ஏய், இங்க பாரேன். பாம்பே இல்லடி. எல்லாம் எழுத்துதான்."

"நிறுத்திடுடி. சார் வந்தா பேஜாராப் பூடும்."

"இரு இரு. எவனோ உக்காந்துக்கினு எழுதனதுதான இது? அப்ப நாமளும் எழுதலாம்."

ஒரே ஒரு எண்ணை மாற்றினாய். பாம்பு தறிகெட்டு ஓடியது. நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. இமை கொட்டாமல் திரையைப் பார்த்த உன் முகத்தைக் கண்டு எனக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது. உன் பஸ் அன்றைக்குப் போயே போய்விட்டது, நீ திரும்பிப் பார்க்கவில்லை.

அப்புறம் பன்றி விளையாட்டு வந்தது. உங்கள் மல்லாட்டைக் கொல்லையில் காட்டுப்பன்றி இறங்கி வேர்க்கடலையைத் தோண்டினால் உன் அப்பா வெடி வைத்து விரட்டுவாரே, அதையே எழுத உட்கார்ந்தாய். மற்றவர்கள் சம்பளக் கணக்குப் போடும் புரோகிராம் எழுதிக்கொண்டிருக்க, நாம் பன்றிக்கு வால் எந்தப் பக்கம் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். மெஷின் படு மந்தம். ஒரு வெடியை வரைந்து முடிப்பதற்குள் பன்றி பாதிக் கொல்லையைத் தின்றுவிடும். நீதான் வழி கண்டுபிடித்தாய். எதையும் மறுபடி வரைய வேண்டாம், நிறத்தை மட்டும் மாற்றினால் போதும். கறுப்பு வெள்ளையாகும், வெள்ளை கறுப்பாகும். கண் சிமிட்டும் நேரத்தில் திரை முழுக்கப் பளீர் பளீர் என்று வெட்டும். சார்கூட எழுந்து வந்து பார்த்துவிட்டு, "யாருது இது?" என்று கேட்டார். நீ பெருமை பிடிபடாமல் நின்றாய்.

அந்த வெடியை ஓட்டிப் பார்த்த சாயங்காலங்களில்தான் அது ஆரம்பித்தது. டைப் அடித்துக்கொண்டே இருப்பாய். திடீரென்று திரையில் ஒரே எழுத்து வரிவரியாக ஓடும். உன் விரல் அந்த விசைமேலேயே இருக்கும், கண் திறந்திருக்கும், கூப்பிட்டால் பதில் வராது. தூங்குமூஞ்சி என்று உன்னைக் கிண்டல் செய்தேன். நீயும் தலையை உலுக்கிக்கொண்டு, அந்த வரிகளை அழித்துவிட்டு வேலையைத் தொடர்வாய். நாம் இரண்டு பேருமே அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

சென்டரின் ஆண்டு விழாவில் உன் அப்பா சலவை வேட்டியோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். மகள் கம்ப்யூட்டரில் கொல்லையைக் காட்டப் போகிறாள் என்று ஊரில் சொல்லிவிட்டு வந்திருந்தார். கலர் மானிட்டர் இருந்த ஒரே மெஷினில் நீ விளையாட்டை ஓட்டினாய். எல்லாப் பன்றியும் ஒன்றாக வந்தன. பெரிய வெடியை வைத்தாய். வெளிச்சம் வெட்டியது. நீ நாற்காலியோடு சாய்ந்தாய். கை கால் வெட்டி வெட்டி இழுக்க, மேலே திரை அதே வேகத்தில் வெட்டிக்கொண்டே இருந்தது. யாரோ "இரும்பு குடுங்க, இரும்பு குடுங்க" என்று கத்தினார்கள். சார் சென்டரின் சாவிக் கொத்தை உன் கையில் திணித்தார். மெஷினை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை. நான்தான் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினேன்.

உங்கள் வீட்டில் உன்னைத் திருவக்கரைக் கோயிலுக்கு அழைத்துப் போய் எலுமிச்சம்பழம் மந்திரித்துக் கட்டினார்கள். நான் என் பங்குக்கு மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றினேன். பிறகு விழுப்புரத்தில் ஒரு டாக்டர், இது வலிப்பு, வெளிச்சம் வெட்டினால் சிலருக்கு வரும், மாத்திரையை மட்டும் நிறுத்தவே கூடாது என்று தெளிவாகச் சொன்னார். வெளியே வந்ததும் உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "யார் கிட்டயும் மூச்சு வுட்றாதம்மா. நாளைக்கு இவுளுக்கு ஒரு கல்யாணம் காட்சி ஆவணும்." டாக்டர் சொன்னதைவிட அதுதான் எனக்குத் திகிலாக இருந்தது.

நீ வராத நாட்களில் விளையாட்டிலிருந்து வெளிச்சத்தை எடுத்துவிட்டேன். வந்த அன்றைக்கே திரும்பப் போட்டாய்.

"உனக்கு அறிவு இருக்குதாடி?"

"வெடிச்சா வெளிச்சம் வரணும்டி. இல்லன்னா அது இன்னா வெடி? மாத்திர போட்டுக்கினுதான இருக்கேன்."

அதோடு விட்டாயா? உன் உடம்பையே ஒரு புரோகிராம் மாதிரி சோதித்துப் பார்த்தாய். வேகத்தை மாற்றினாய், நிறத்தை மாற்றினாய், தள்ளி உட்கார்ந்து பார்த்தாய். "மெதுவா வெட்னா ஒண்ணும் ஆவல. ஒரு கண்ண கையால மூடிக்கினா தல சுத்தறது கூட இல்ல" என்று குதூகலமாகச் சொன்னாய். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். வேலைக்காகப் படிக்க வந்த நான் விளையாட்டு செய்பவளாக மாறியது அந்த நாட்களில்தான். சரியாக வரும்வரை விடாமல் மாற்றிப் பார்க்கிற அந்த வெறி உன்னிடமிருந்து எனக்கும் ஒட்டிக்கொண்டது.

உன்னைத் திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். நல்ல மனிதர், கேட்டதும் கம்ப்யூட்டர் வாங்கித் தந்தார். நான் சென்னையில் செல்போன் விளையாட்டு செய்யும் கம்பெனியில் சேர்ந்தேன். ஒருமுறை விழுப்புரம் ஜங்ஷனில் சந்தித்தோம். புதிதாகச் செய்த விளையாட்டை சிடியில் போட்டு, பூப்போட்ட கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாய். கரும்பு வண்டி ஆற்றைக் கடக்கும் விளையாட்டு. பேச்சோடு பேச்சாக மாத்திரையைப் பற்றிக் கேட்டேன்.

"மாமியா பாத்துட்டாங்க. சத்து மாத்திரன்னு சொல்லிட்டேன். அதுலேர்ந்து வாங்கறது இல்ல."

"வீட்ல சொல்லிடுடி. அவுரு நல்லவருதான? நான் வேணா வந்து பேசறேன்."

"வந்தீன்னா அப்புறம் ஜென்மத்துக்கும் உன்கூட பேச மாட்டேன். நான்தான் ஜாக்கிரதையா கீறேனே. கேம்ல இப்ப வெளிச்சமே வைக்கறது இல்ல."

பெருமையாகச் சொன்னாய். வெளிச்சம் விளையாட்டில் மட்டும்தான் வெட்டும் என்று நினைத்துவிட்டாய். ரயில் வந்தது, சிடியை என் மடியில் வைத்துவிட்டு, "ஜல்தி ஏறு" என்று தள்ளிவிட்டாய். ஜன்னல் வழியாக உன்னைப் பார்த்துக்கொண்டே வந்தேன். மனசு சரியாகவே இல்லை.

பம்புசெட்டுத் தொட்டியில் துணி அலசும்போது வழுக்கி விழுந்து மூழ்கிவிட்டாய் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். காரியத்துக்கு வந்தபோது நான் அந்தத் தொட்டியைப் போய்ப் பார்த்தேன். உச்சிவெயில். காற்றில் தென்னை ஓலை ஆட ஆட, தண்ணீரில் வெயில் விழுந்தும் மறைந்தும் வெட்டிக்கொண்டிருந்தது. தொட்டி இடுப்பளவுதான். பின்னால் வந்து நின்ற உன் அம்மாவும் அதையே பார்த்தார். அவருக்கும் புரிந்துவிட்டது.

விளையாட்டுதான் உன்னைக் கொன்றது என்று ரொம்ப நாள் அதைக் கரித்துக்கொட்டினேன். யோசித்தால், உனக்கு என்ன இருக்கிறது என்று முதலில் போட்டு உடைத்தது அதுதான். எல்லோருமாகச் சேர்ந்து அதை மூடி வைத்தோம். உன்மேலும் எனக்குக் கோபம்தான். அத்தனை சோதனை செய்து கண்டுபிடித்தவள், அதைக் கட்டிக்கொண்டவரிடம் சொல்லியிருக்கலாம்.

இப்போது என் கையில் ஒரு சின்ன குழு இருக்கிறது. நாங்கள் செய்யும் எந்த விளையாட்டும் ஓர் அறிவிப்போடுதான் திறக்கும். இதில் வெளிச்சம் வேகமாக வெட்டும், சிலருக்கு வலிப்பு வரலாம், வேண்டாமென்றால் இங்கே நிறுத்தலாம் என்று பெரிய எழுத்தில் இருக்கும். போன மாதம் புதிதாகச் சேர்ந்த பையன், முதல் திரையே பயமுறுத்தினால் யார் மேடம் விளையாடுவார்கள், எடுத்துவிடலாமா என்று கேட்டான். முடியாது என்றேன்.

"நெஜமாவே யாருக்காவது வந்துருக்கா மேடம்?"

"வந்துது."

"யாருக்கு?"

உன் பெயரைச் சொன்னேன். வலிப்பு என்ற வார்த்தையையும் சேர்த்தே சொன்னேன். வாழ்க்கையில் முதல் தடவையாக இரண்டையும் ஒன்றாக வாய்விட்டுச் சொன்னேன். அவன் போய் அந்த எழுத்தை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினான்.