மலை உச்சியில் அண்ணை வரைந்த குளம்

என் ஆசை அண்ணைக்கு,

நீங்கள் போய் இன்றைக்கு இருபத்தேழு நாள். வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றியே களைத்துப்போனேன். வெள்ளிக்கிழமை முப்பத்தோராம் நாள், அந்தியேட்டி. அன்று ஊருக்குக் கொடுக்கும் நினைவு மலரில் எல்லோரும் தேவாரம் போடுவார்கள். உங்கள் மகள் கவிதா கேட்டால்தானே!

"மாமி, அப்பா எழுதின தீவைத்தான் போடவேணும்" என்று ஒரே பிடியாக நிற்கிறாள்.

எங்கள் முரசுமோட்டையில் நீக்ரோஸ் தீவை யாருக்குத் தெரியும்? சண்டைக்கு இடம்பெயர்ந்து கிடந்த முகாமில் நீங்கள் விரித்துப் படுத்த வெறும் சீனிச் சாக்கில் அந்தப் பெயர் இருந்தது. "இந்தச் சீனி எந்த மண்ணில விளைஞ்சதெண்டு பாக்கவேணும்" என்றீர்கள். நாளைக்கு நாங்கள் எங்கே இருப்போம் என்றே தெரியாத நேரம் அது. எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

அந்தத் தீவைப் பற்றி நீங்கள் எழுதிவைத்த கொப்பியை இப்போதுதான் முழுவதும் வாசித்தேன். பிலிப்பைன்ஸின் நடுவே ஒரு தீவு. அதைப் பிரிக்கும் மலைத்தொடர். மேற்கே ஒரு மாகாணம், முழுக்கக் கரும்பு. காடாகக் கிடந்த நிலத்தை அக்கரைத் தீவிலிருந்து வந்தவர்கள் வெட்டித் தோட்டமாக்கினார்கள். நிலம் சில குடும்பங்களின் கையில் போனது, கூலிக்காரனுக்குக் கத்தி மட்டும்தான். ஆலை நிற்கும் மாதங்களில் அவன் வீட்டில் உலை வைப்பதில்லை. சீனி விலை விழுந்த காலத்தில் பிள்ளைகள் பட்டினி கிடந்ததை எழுதிய பக்கத்தில் உங்கள் எழுத்துக் கோணியிருக்கிறது. முகாமை நினைத்தீர்களா?

அடுத்த பக்கத்தில் வரைபடம். மலை உச்சியில் ஒரு வட்டம் போட்டு, நீல மையால் 'குளம்' என்று எழுதியிருக்கிறீர்கள். சுற்றிவர வாய்க்கால்கள். தண்ணீர் திறந்துவிடத் துருசு வேறு! கவிதா போனில் தேடிப் பார்த்தாள்.

"மாமி, இது குளமில்லை, எரிமலை. புகையுது."

விழுந்து விழுந்து சிரித்தோம். பிறகு நான் அழுதேன். இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்தவருக்கு, ஏதோ தேசப்படத்தில் ஒரு வட்டத்திலிருந்து நாலாபக்கமும் கோடு ஓடினால் வேறென்ன தோன்றும்?

போன மாரியில் இந்தக் கொப்பியை என்னிடம் நீட்டினீர்களே, ஞாபகமா? "நீ பூமிசாத்திரம் படிச்சனி. ஒருக்காப் பார் பிள்ளை, பிழை கிடந்தாச் சொல்லு."

"உங்களுக்கு வேற வேலை இல்லையோ அண்ணை? பிறகு பாப்பம்" என்றேன். அந்தப் பிறகு வரவேயில்லை. பத்து நிமிடம் இருந்து பார்த்திருக்கலாம், பாவி நான்.

படத்தின் கீழே, 'இங்கே வாய்க்காலின் கடைசி வயலுக்கே முதல் தண்ணீர்' என்று ஒரு வரி. இதை எந்தப் புத்தகத்தில் பார்த்தீர்கள்? எங்களுடையது கடைசி வயல். ஒவ்வொரு கோடைச் சிறுபோகமும் மண்வெட்டியோடு வரம்பில் காத்து நின்றவர் நீங்கள். இந்தமுறையும் தண்ணீர் எங்கள் பக்கம் வரவில்லை, அண்ணை. பயிர் மஞ்சளாக நிற்கிறது. கேட்டுக் கேட்டு எனக்கும் அலுத்துவிட்டது.

நாளைக்கு அச்சகத்துக்குக் கொடுக்கவேண்டும். "அப்பிடியே விடுவமே மாமி? ஆருக்கு விளங்கப்போகுது?" என்றாள் கவிதா. ஆனால் வயல் கமக்காரர் கூட்டக் குறிப்பில் ஒரு சொல் பிழைத்தாலும் எழுந்து நின்று திருத்துகிறவர் நீங்கள். 'குளம்' என்ற சொல்லை வெட்டிவிட்டு எரிமலை என்று எழுதினேன். வாய்க்கால்களை ஆறுகளாக்கினேன். என் கையால் உங்கள் குளத்தைத் தூர்த்த மாதிரி இருந்தது.

அந்தக் கடைசி வயல் வரியை மட்டும் எறிய மனம் வரவில்லை. அது தீவின் செய்தி அல்ல, உங்கள் ஆசை. அதனால் மலரின் கடைசிப் பக்கத்தில் உங்கள் பெயரோடு தனியாகப் போடுகிறேன்.

அந்தியேட்டிக்கு வரமுடியாதவர்களுக்கு மலரை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. தண்ணீர் முதலில் பாயும் துருசடிப் பெரிய வீடுகளில் தொடங்கமாட்டேன். வாய்க்கால் முடிகிற இடத்துக் கடைசி வீட்டுக்கு முதல் மலர். அங்கிருந்துதான் மேலே நடப்பேன். சத்தியம், அண்ணை.

பிழை பார்க்கப் பிந்திப்போன
உங்கள் தங்கச்சி,
ராணி