மேல மழை, கீழ பாத்துக்குங்க

போன சனிக்கிழமை பிரிஞ்சாங் இரவுச் சந்தையில் சோளம் வாங்கிக்கொண்டிருந்தபோது உன் குரல் கேட்டது. நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சின்ன வயதிலிருந்து கேட்ட குரல்தானே, "இங்கயும் வந்துட்டியாடி" என்று மனம் தானாகப் பதில் சொல்லிவிட்டது. அதற்குப் பிறகுதான் நீ செத்துப்போனது ஞாபகம் வந்தது. கையிலிருந்த சோளம் சுட்டதுகூடத் தெரியாமல் நின்றேன்.

பக்கத்து முள்ளங்கிக் கடையில் ஒரு கைப்பேசியைப் பெட்டிமேல் சாய்த்து வைத்திருந்தார்கள். திரையில் நீ. பின்னால் நம் தேயிலை மலை. வாழ்நாளில் நீ கட்டியிராத பச்சைப் பட்டுப் புடவை. "வணக்கம் உறவுகளே, சர்க்கரை நோய்க்கு இனி மாத்திரை தேவையில்லை" என்று ஒரு பொடி டப்பாவைத் தூக்கிக் காட்டினாய். நான் முறைத்துப் பார்ப்பதைக் கண்ட கடைக்காரப் பெண், "மழை சொல்ற எஸ்டேட்டு கிராணியக்காதான் டீச்சர். நல்லா வேலை செய்யுதாம் லா" என்றாள்.

"அவங்க செத்து எட்டு மாசம் ஆச்சும்மா."

"ஐயோ, அப்ப இது பழைய வீடியோவா?"

பழையதும் இல்லை, நீயும் இல்லை, யாரோ கணினியில் உன் முகத்தையும் குரலையும் வைத்துச் செய்த பொய் என்று விளக்கினேன். அவள் தலையாட்டினாள். நான் நகர்ந்ததும் மறுபடி அந்தக் குரல் பின்னால் ஓடத் தொடங்கியது. இந்தப் பச்சைப் புடவைக்காரி புதியவள். இதற்கு முன்னால் உன் முகத்தோடு நீலப் புடவையில் அதே பொடியை விற்றவள் ஒருத்தி இருந்தாள். அவளை இணையத்திலிருந்து நீக்க நானும் உன் வீட்டுக்காரரும் பட்ட பாட்டை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

உனக்கு வணக்கம் சொல்லும் பழக்கமே கிடையாதே! எஸ்டேட் ஆபீசில் உனக்குக் குமாஸ்தா வேலை கிடைத்தபோது தொழிலாளர் லயத்தில் எல்லோரும் "பொம்பளை கிராணி" என்று கேலி செய்தார்கள். நீ அதைப் பட்டமாகவே வைத்துக்கொண்டாய். தினமும் காலையில் ஆபீசுக்குப் பின்னால் நிற்கும் மழை அளக்கும் கண்ணாடிக் குழாயைப் பார்த்து எழுதி வைப்பது உன் வேலைகளில் ஒன்று. மலைக்குக் கீழே ஆற்றோரத்தில் இருக்கும் லெம்பா பெர்த்தாமில் சேறு புகுந்த வருஷம் உன் தங்கை வீடும் கழுத்தளவு மூழ்கியது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியதுதான் மிச்சம். அவளைப் பார்த்துவிட்டு வந்த அன்று நீ சொன்னாய்: "இவ்வளவு நாளா தொரைக்குக் காட்டத்தான் மழைய அளந்தோம். கீழ இருக்கறவனுக்கு யாரு சொல்றது?"

அப்படித்தான் இணையத்தில் உன் பக்கம் தொடங்கியது. கைப்பேசியை ஒரு கையிலும் கண்ணாடிக் குழாயை மறு கையிலும் பிடித்துக்கொண்டு நேரலையில் வருவாய். முதல் வார்த்தையே, "மேல மழை. கீழ பாத்துக்குங்க." மழை இல்லாத நாளிலும் வருவாய். "மேல மழை இல்ல. நிம்மதியா தூங்குங்க லா." அவ்வளவுதான் நிகழ்ச்சி. அதைப் பார்க்க அத்தனை பேர். நான் கிண்டல் செய்தபோது நீ சிரிக்காமல் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "ஆத்தப் பாத்துட்டுக் கெளம்புனா லேட்டுடி. மேல மழைன்னு கேட்டதுமே கெளம்பணும்."

சமூக ஊடக நிறுவனங்கள் இனி உரிமம் வாங்க வேண்டும், அரசாங்கம் கேள்வி கேட்கும் என்று செய்தி வந்த நாளில் நாம் உன் சமையலறையில் போட்ட சண்டை ஞாபகமிருக்கிறதா? நான் ஏன் சந்தோஷப்பட்டேன் என்று உனக்குத் தெரியும். என் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் படத்தை எவனோ அசிங்கமாக மாற்றிப் போட்டு, அவள் பள்ளிக்கு வருவதையே நிறுத்தியிருந்தாள்.

"அந்தப் படத்த எடுக்கச் சொல்லி நான் எத்தன பேருக்கு எழுதிட்டேன்! ஒருத்தனாச்சும் பதில் போட்டானா? இனிமே போட்டுத்தான் ஆகணும்."

"அத எடுக்கணும்டி. எடுக்க வேணாம்னு நான் சொல்லுவேனா? ஆனா எத எடுக்கணும்னு சொல்ற ஆளு யாரு? நாளைக்கு நான் போடறது ஒருத்தனுக்குப் புடிக்கலன்னா?"

"ஒன் மழைய யாருடி எடுக்கப் போறா? ரொம்பத்தான் பெரிய ஆளுன்னு நெனப்பு."

"போடி டீச்சரம்மா" என்று முறுக்குத் தட்டை என் பக்கம் தள்ளினாய். அன்று நான் சொன்னதில் தப்பு இருப்பதாக இப்போதும் நான் நினைக்கவில்லை. அந்தப் பிள்ளையின் முகத்தை நீ வகுப்பில் பார்த்திருந்தால் நீயும் அப்படித்தான் சொல்லியிருப்பாய்.

அப்புறம் அந்த மலை. திரிங்காப் பக்கம் ஒரு சரிவை யாரோ மரமெல்லாம் வெட்டி மொட்டையடித்திருந்தார்கள். மழைக்குப் பிறகு அதன் அடியில் ஓடை காப்பி நிறத்தில் ஓடியது. நீ படம் எடுத்துப் போட்டாய். "இந்த மண்ணெல்லாம் எங்க போகும்? கீழதான் போகும்." வேறு ஒரு வார்த்தை இல்லை, யார் பெயரும் இல்லை. மறுநாளே அதை யாரும் பார்க்க முடியாதபடி மறைத்துவிட்டார்கள். அடுத்த வாரம் அரசாங்க அலுவலகத்துக்கு உன்னை வாக்குமூலம் கொடுக்க வரச் சொன்னார்கள்.

நானும் கூட வந்தேன். அந்த அதிகாரி நம் பிள்ளைகள் வயதுடையவர், மரியாதையான ஆள். தேநீர் வரவழைத்தார். நீ போட்டது பொய் என்று அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. படத்தைப் பார்த்து மக்கள் பயந்துவிட்டதாகப் புகார் வந்திருக்கிறது என்று மலாயில் சொன்னார். "பயப்படணும்னுதான சார் போட்டேன்" என்று நீயும் மலாயிலேயே பதில் சொன்னாய். அவர் அதையும் எழுதிக்கொண்டார். விசாரணைக்காக உன் கைப்பேசியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். சில நாட்களில் உன் பக்கமே காணாமல் போனது. அலுவலகத்தில் கேட்டால், பக்கத்தை எடுத்தது நிறுவனம் என்றார்கள். நிறுவனத்துக்கு எழுதினால், உள்ளூர்ச் சட்டப்படி வந்த கோரிக்கை என்று பதில் வந்தது. நம் லயத்துப் பிள்ளைகள் பந்தைத் தட்டி விளையாடுவது போல இரண்டு பேரும் உன்னைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

அதன் பிறகு நீ குறைவாகப் பேசினாய். ஒரு நாள் நல்ல மழையில் ஆபீஸ் பக்கம் வந்த என்னிடம் குழாயைத் தூக்கிக் காட்டினாய். "அளந்துட்டேன்டி. யாருகிட்ட சொல்ல?" எனக்கு அழுகை வந்தது. நீ அழவில்லை. கொஞ்ச நாளில் மாரடைப்பில் போய்விட்டாய். உன் கைப்பேசி இன்னும் திரும்பி வரவில்லை.

நீலப் புடவைக்காரியை முதலில் எனக்குக் காட்டியவர் உன் வீட்டுக்கார அண்ணன்தான். லோரியிலிருந்து காய்கறிக் கூடையை இறக்கிவிட்டு, கைப்பேசியை நீட்டினார். நான் கொதித்துப்போனேன். அவர் அதை நிறுத்தாமல் கடைசிவரை ஓடவிட்டார். ஏன் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

இரண்டு வாரம் கழித்து மாரியக்காவைப் பற்றிக் கேள்விப்பட்டேன். லெம்பா பெர்த்தாமில் முட்டைக்கோஸ் தோட்டத்தில் வேலை செய்கிறாரே, உன் நேரலையை ஒரு நாளும் தவறவிடாதவர். சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டு அந்தப் பொடியை வாங்கித் தின்றிருக்கிறார். காலில் இருந்த சின்னப் புண் பழுத்து, ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். பார்க்கப் போனேன். "எப்படிக்கா நம்புனீங்க?" என்று கோபமாகவே கேட்டுவிட்டேன்.

"அவ போறதுக்கு முன்னாடி பேசி வச்சதுன்னு நெனச்சேன். அவ மழைன்னு சொன்னா மழ பேஞ்சிச்சு டீச்சர். மருந்துன்னு சொன்னா மட்டும் பொய்யா இருக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

நீ இத்தனை வருஷம் நனைந்து நனைந்து சம்பாதித்த நம்பிக்கை அது. திருடனுக்கு வேண்டியிருந்தது உன் முகம்கூட இல்லை, அந்த நம்பிக்கைதான்.

புகார் எழுத உட்கார்ந்தேன். நிறுவனம், எங்கள் விதிகள் எதையும் இது மீறவில்லை என்று உடனே பதில் அனுப்பியது. ஒரு மனிதன் படித்திருந்தால் அவ்வளவு சீக்கிரம் பதில் வராது. அரசாங்கத்துக்கு எழுதினேன். நான் ஆசையாகக் காத்திருந்த அதே சட்டத்தின் பேரில்தான் எழுதினேன். பாதிக்கப்பட்டவரே புகார் செய்ய வேண்டும் என்றார்கள். பாதிக்கப்பட்டவர் இறந்துவிட்டார் என்றேன். அப்படியென்றால் கணவர் கையெழுத்து வேண்டும் என்றார்கள். சரி, ஒரு வழி கிடைத்தது என்று அன்று மாலையே உன் வீட்டுக்கு வந்தேன்.

அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எதிரில் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்த கைப்பேசியில் அந்த நீலப் புடவைக்காரி பேசிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவசரமாக அணைத்தார். பிறகு, மறைத்து என்ன ஆகப்போகிறது என்பதுபோல அதை மறுபடி நிமிர்த்தி வைத்தார்.

"அது அவ இல்லன்னு எனக்குத் தெரியும் டீச்சர். அவ இப்படியா பேசுவா? உறவுகளேங்கறா." கொஞ்சம் சிரித்தார். "ஆனா குரல் அவளோடதுதான? வேற எங்க போய் கேக்கறது? அவ போனும் இல்ல. பக்கமும் இல்ல. எல்லாத்தையும் எடுத்துட்டாங்க."

நான் மாரியக்காவின் காலைப் பற்றிச் சொன்னேன். அவர் தட்டைத் தள்ளி வைத்தார்.

"கையெழுத்துப் போட்டா இதுவும் போயிடும். போடலன்னா இன்னொருத்தங்க கால் போயிடும். நீங்க படிச்சவங்க, நீங்களே சொல்லுங்க டீச்சர்."

நீ இருந்திருந்தால் நொடியில் சொல்லியிருப்பாய். நான் எழுந்து உன் அடுப்பில் தேநீர் போட்டேன். திரும்பி வந்தபோது கையெழுத்துப் போட்டு வைத்திருந்தார். அவசரமே இல்லாமல் நடந்த விசாரணைக்குப் பிறகு நீலப் புடவைக்காரி ஒரு நாள் காணாமல் போனாள். ஜெயித்துவிட்டோம் என்று நான் அவரிடம் சொல்லவில்லை. அதுவரை சாப்பிடும்போது பேச ஒரு குரலாவது இருந்த வீடு அது.

இப்போது பச்சைப் புடவை வந்திருக்கிறது. மறுபடி புகார், மறுபடி அண்ணனின் கையெழுத்து. நினைக்கவே அலுப்பாக இருக்கிறது. சில நேரம் எனக்கு ஒன்று தோன்றும். உன் குரலை இப்படி அச்சாகச் செய்ய வேண்டுமென்றால், உன் மழைச் செய்திகளையெல்லாம் அந்தத் திருடன் முதலிலேயே எடுத்துப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். நமக்கு ஒன்றுகூட மிஞ்சவில்லை. அவனிடம் எல்லாம் இருக்கும். நீ பயந்ததும் நடந்துவிட்டது, நான் பயந்ததும் நடந்துவிட்டது. நம் சண்டையில் யார் சொன்னது சரி என்று கேட்கக்கூட நீ இல்லை.

இன்று ஞாயிற்றுக்கிழமை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மலை முழுவதும் இருட்டிக்கொண்டு மழை பிடித்துக்கொண்டது. எனக்கு உட்கார முடியவில்லை. குடையை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் பின்னால் போனேன். உன் குழாயில் தண்ணீர் மளமளவென்று ஏறிக்கொண்டிருந்தது. லெம்பா பெர்த்தாம் பெற்றோர்களின் கைப்பேசிக் குழுவில் என் குரலைப் பதிந்து அனுப்பினேன். வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை, உன்னுடையதையே சொன்னேன். "மேல மழை. கீழ பாத்துக்குங்க."

பதில்கள் வந்தன. "டீச்சர், இது நீங்கதானா?" "முகத்தக் காட்டுங்க டீச்சர்." குடைக்கடியில் நின்று முகத்தையும் மழையையும் குழாயையும் காட்டி ஒரு வீடியோ அனுப்பினேன். உடனே ஒருவர் எழுதினார்: "இப்ப வீடியோவும் செய்றாங்க லா." அவர் கேலி செய்யவில்லை. அவருடைய இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் எழுதியிருப்பேன்.

மாரியக்காவுக்கு போன் செய்தேன். கட்டுப் போட்ட காலோடு அவரால் ஓட முடியாது, அவர்தான் முதலில் கிளம்ப வேண்டும்.

"நான்தான்கா பேசறேன். ஒங்க பொண்ணோட டீச்சர்."

"நீங்களாத்தான் இருப்பீங்க டீச்சர். ஆனா நான் ஜன்னல்ல ஆத்தப் பாத்துக்கறேன். கோவிச்சுக்காதீங்க. இனிமே நான் கண்ணால பாக்கறதத்தான் நம்பறது."

ஆற்றைப் பார்த்துவிட்டுக் கிளம்பினால் லேட்டு என்று நீ சொன்னது வாய் வரைக்கும் வந்தது. யார் சொன்னதாக அதைச் சொல்வேன்? உன் பெயரைச் சொன்னாலே அந்தப் பொடி டப்பாதான் அவருக்கு ஞாபகம் வரும்.

"சரிக்கா, பாருங்க. ஆனா போன வைக்காதீங்க" என்றேன்.

அவர் வைக்கவில்லை. மகளைக் கூப்பிட்டு ஜன்னலைத் திறக்கச் சொல்வது கேட்டது. பிறகு ஆற்றின் சத்தம். "கலங்கலாத்தான் போவுது. இன்னும் ஏறல" என்றார். இங்கே மழை விடவில்லை என்று நான் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து அவர் மறுபடி ஆற்றைச் சொன்னார், நான் மறுபடி மழையைச் சொன்னேன். குடை நனைந்து தோள் எல்லாம் ஈரம். உன் குழாய்க்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, காதிலிருந்து கைப்பேசியை எடுக்காமல், குழாயில் ஏறும் தண்ணீரை அவருக்குச் சொல்லிக்கொண்டே இருந்தேன்.