வாஷிங் மெஷின் பணத்தில் ஒரு வால்ட்ஸ்

கும்மிடிப்பூண்டி
17.11.2024

அன்பு மகள் ஜெனிபருக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்கவேண்டும் என்று தினமும் ஜெபம் பண்ணுகிறேன்.

நம் தெரு சாம்சன் அண்ணன் மகளுக்கும் நீ இருக்கிற டப்ளினிலேயே வேலை கிடைத்திருக்கிறது. மிளகாய்த்தூளும் இட்லிப் பொடியும் அவளிடம் கொடுத்தனுப்புகிறேன். இந்தக் கடிதமும் அதோடு வரும். போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் ஆரம்பித்தால் நீ நடுவில் புகுந்து திட்டுவாய், எனக்குச் சொல்ல வந்தது மறந்துபோகும். கடிதம் என்றால் நீ கடைசிவரை கேட்டுத்தான் ஆகவேண்டும்.

வாஷிங் மெஷினைக் காட்டு காட்டு என்று வீடியோ காலில் கேட்டுக்கொண்டே இருக்கிறாய். இடம் ஒழிக்கவில்லை, பிளம்பர் வரவில்லை என்று நானும் ஏதேதோ சொல்லி ஒப்பேற்றினேன். மெஷின் வாங்கவில்லை ஜெனி. அதற்கென்று நீ அனுப்பிய பணத்தில் நானும் உன் அப்பாவும் சென்னையில் ஒரு நடனப் போட்டியில் கலந்துகொண்டோம். சிரிக்காதே. நிஜமாகத்தான் சொல்கிறேன். பால்ரூம் நடனம், அதில் வால்ட்ஸ் என்று ஒரு வகை.

போன வருடம் பேக்கிங் செக்ஷனில் பெட்டி தூக்கித் தூக்கி என் தோள் இறுகிப்போனது உனக்குத் தெரியும். கையை அசைத்துக்கொண்டே இருக்கவேண்டும் என்று டாக்டரம்மா சொன்னார். பஜாரில் டயர் கடைக்கு மாடியில் வரதன் என்கிற பிள்ளை நடனம் சொல்லிக்கொடுக்கிறான். இப்போது ரிசப்ஷனில் பெண்ணும் மாப்பிள்ளையும் ஜோடியாக ஆடுகிறார்களே, அதற்குப் பழகத்தான் அவனிடம் ஆட்கள் வருவார்கள். வீட்டில் தனியாகச் செய்கிற எக்ஸர்சைஸ் இரண்டு நாளில் நின்றுவிடும் என்று நான் அங்கே சேர்ந்தேன். அப்பா என்னை வண்டியில் கொண்டுவந்து விட்டுவிட்டு, கீழே படியில் உட்கார்ந்திருப்பார். எனக்கு ஜோடி இல்லை. வரதன்தான் ஒருநாள் இறங்கிப்போய், “இன்னா சார், உங்க வீட்டம்மா காத்தையா புடிச்சிக்கினு ஆடுவாங்க? மேல வாங்க” என்று கூட்டிவந்தான்.

வந்தவர் இடது கையை பேண்ட் பாக்கெட்டிலிருந்து எடுக்கவில்லை.

நீ பார்த்ததுதானே. கம்பெனியில் தகடு அடிக்கிற பிரஸ் மெஷினில் இரண்டு விரல் போன நாளிலிருந்து, நாலு பேர் முன்னால் அந்தக் கை பாக்கெட்டில்தான். சபையில் திருவிருந்துக்கு முழங்காலில் நிற்கும்போதும், உன் கல்யாண மேடையிலும் அப்படித்தான். வால்ட்ஸில் ஆண் இடது கையால்தான் பெண்ணின் கையைப் பிடிக்கவேண்டும். அடுத்த வாரம் ஒரு வெள்ளைக் கையுறை வாங்கி, விரல் இல்லாத இடத்தில் பஞ்சை அடைத்துப் போட்டுக்கொண்டு வந்தார். வந்தாரே, அது போதும் என்றிருந்தது.

ஒரு வருடம் பழகினோம். அவருடைய ஷிப்ட் முடிந்து, என் வேலை முடிந்து, கிரீஸ் வாடையும் அட்டைப்பெட்டி வாடையுமாகப் போவோம். என் தோள் சரியாகிவிட்டது. அப்பா சாப்பிடும்போது பேச ஆரம்பித்தார். முன்பு டிவியைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டு எழுந்துவிடுவார், உனக்கு ஞாபகம் இருக்கும். வரதன் போட்டிக்குப் பெயர் கொடுக்கலாம் என்றதும் நான்தான் முதலில் சரி என்றேன்.

செலவு எங்கெங்கே போனது என்று நீ கேட்பாய். நுழைவுக் கட்டணமே ஆளுக்கு ஆள் தனி. ஷூவுக்கு அடியில் மெத்தென்று தோல் வைத்திருக்கவேண்டுமாம், சாதாரண ஷூ தரையில் வழுக்குமாம். அதை வரதன் டெல்லியிலிருந்து வரவழைத்தான். அப்பாவுக்குக் கோட். எனக்குக் கணுக்கால் வரை நீலக் கவுன். பழவேற்காடு ஜாஹிதா தன் கடையில் கொள்முதல் விலைக்கே துணி கொடுத்து, கை முழுக்க மூடித் தைத்தும் கொடுத்தாள். அவள் மட்டும்தான், “நல்லா சுத்தி ஆடு அக்கா, துணி விரியணும்” என்றாள்.

மற்றவர்கள் அப்படிச் சொல்லவில்லை. சபையில் பெண்கள் ஐக்கியத்துச் செயலாளர் ஆராதனை முடிந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “இந்த வயசுல புருஷன் கையப் புடிச்சிக்கினு மேடையில ஆடறது நல்லாவா இருக்குது? கிறிஸ்மஸ் பாட்டுக்கு வேற ஆளப் பாத்துக்கறோம்” என்றார். கல்யாணமாகி வந்த வருடத்திலிருந்து பாடுகிறேன். அன்று வீட்டுக்கு வந்து அழுதேன். அப்பா, போகவேண்டாம், கட்டின பணம் போனால் போகட்டும் என்றார். அவர் அப்படிச் சொன்ன பிறகுதான் எனக்குப் பிடிவாதம் வந்தது.

போன ஞாயிறு காலை லோக்கல் ரயிலில் கவுனை மடியில் வைத்துக்கொண்டு போனோம். பெரிய ஹோட்டல் ஒன்றின் அரங்கம். எல்லோரும் இங்கிலீஷில் பேசினார்கள். அப்பா முதுகில் எண் எழுதிய அட்டையை ஊசியால் குத்தினார்கள். எங்கள் பிரிவு ஐம்பது வயதுக்கு மேற்பட்ட புதியவர்களுக்கு. இரண்டு சுற்று ஆடவேண்டும், மதிப்பெண்ணைச் சேர்த்துப் பார்ப்பார்கள்.

முதல் சுற்றில் மானம் போனது. அப்பாவுக்கு வியர்த்துக் கொட்டியது. திரும்பும்போது கையுறை நழுவி என் கை அவரிடமிருந்து விடுபட்டது. நான் போய்ப் பக்கத்து ஜோடி மேல் மோதினேன். தாளம் விட்டுப்போய், மூலையில் நின்று மறுபடி பிடித்து எப்படியோ முடித்தோம். நடுவர்கள் எழுதிக்கொண்டதை நான் பார்த்தேன்.

வெளியே தண்ணீர் கேன் பக்கத்தில் உட்கார்ந்தோம். கிளம்பிவிடலாம் என்று நானே சொன்னேன். அப்பா அந்தக் கையுறையைக் கழற்றினார். பஞ்சு நனைந்து உருண்டு வந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, “பஞ்சு எப்டி ஏஞ்சலி புடிக்கும்? நானே புடிச்சிக்கறேன், வா” என்றார்.

ஜெனி, அத்தனை விளக்கு, அத்தனை ஜனம். நம் வீட்டுக் கொடியில் துணி காயப்போடும்போதுகூட யாராவது வந்தால் மறைக்கிற கையை அவர் தோள் உயரத்துக்குத் தூக்கி நீட்டிக்கொண்டு நின்றார். நான் என் கையை அதில் வைத்தேன். மீதி இருக்கிற விரல்களால் அவர் பிடித்த பிடி என்னை இன்னும் விடவில்லை. பாட்டு ஆரம்பித்தது. தப்பே இல்லாமல் ஆடினோம் என்று சொல்லமாட்டேன். ஒரு இடத்தில் என் கவுனை நானே மிதித்தேன். ஆனால் கை விடவில்லை. ஜாஹிதா சொன்ன மாதிரி துணி விரிந்தது. முடிந்ததும் நான் மோதினேனே, அந்த ஜோடியில் இருந்த அம்மாள்தான் முதலில் கைதட்டினார்.

எங்களுக்கு நாலாவது இடம். கோப்பை மூன்று பேருக்குத்தான். ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள், அதில் அப்பா பெயரை, எபினேசர் என்பதைத் தப்பாக அடித்திருக்கிறார்கள். அப்பா அதற்கும் சிரித்தார். ரயிலில் திரும்பும்போது மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இடது கையால்.

சபையில் இன்னும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் பாடுவேன், இல்லாவிட்டால் ஜனத்தோடு உட்கார்ந்து பாடுவேன். அதை நினைத்து நீ வருத்தப்படாதே.

இன்னொன்று எழுதவேண்டும். அந்த விபத்து நடந்தது உன் நர்சிங் மூன்றாம் வருடப் பீஸ் கட்டிய மாதம். அப்பா அப்போது இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு மேல் நான் எழுதமாட்டேன், நம் வீட்டில் யாரும் பேசியதும் இல்லை. மாதம் தவறாமல் பணம் அனுப்புகிறாய். அப்பா எப்படி இருக்கிறார் என்று என்னிடம் கேட்கிறாய். அவரிடம் போனைக் கொடுத்தால் உனக்கு உடனே டியூட்டி வந்துவிடுகிறது. அவர் உன்மேல் ஒரு நாளும் குறை நினைத்ததில்லை. நீதான் உன்மேல் நினைத்துக்கொண்டிருக்கிறாய் என்று பெற்றவளுக்குத் தெரியாதா?

இந்தக் கடிதம் கிடைத்த பிறகு வருகிற ஞாயிறு போன் பண்ணும்போது நேராக அவரிடம் பேசு. எப்படி ஆடினீர்கள் என்று கேள். வாயால் சொல்ல அவருக்கு வராது, கையைத் தூக்கித்தான் காட்டுவார். அப்போது நெட் சரியில்லை என்று சொல்லி வைத்துவிடாதே மகளே. பார்.

உன் கைகளின் வேலையை ஆண்டவர் ஆசீர்வதிக்கட்டும். மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பு.

உன் வாய்ச்சொல்லுக்காகக் காத்திருக்கும்,
அம்மா ஏஞ்சலின்