உன் தப்பு நோட்டு என்னிடம் இருக்கிறது

பொடியாக எழுதுவதால் நான் பெயர் வைத்த மைக்ரோவுக்கு,

நீ நலமாக இருக்கிறாய் என்பதைத் துறை அறிவிப்புப் பலகையே சொல்கிறது. வெள்ளை அங்கியோடு நீ சிரிக்கும் படத்தை ஒட்டியிருக்கிறார்கள். அதனால் நலம் விசாரிப்பை விட்டுவிடுகிறேன். ஏழு குறுஞ்செய்திக்கும் நீ பதில் போடவில்லை. காகிதம் என்றால் கிழிப்பதற்காவது கையில் எடுக்க வேண்டுமே என்று தபாலில் அனுப்புகிறேன்.

உன் கட்டிலுக்கு முதலாம் ஆண்டுப் பெண் ஒருத்தி வந்திருக்கிறாள். தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறாள். விடுதிக் குளியலறைக் குழாயை ஒருவழியாகச் சரிசெய்துவிட்டார்கள். ஆய்வகத்தில் குடுவை கழுவும் அக்கா உன்னை விசாரித்தார். விசாரித்த கையோடு, இத்தனை நாள் மனதில் வைத்திருந்த ஒன்றையும் சொல்லிவிட்டார்.

வெளிநாட்டு ஆய்வகத்துக்கு ஒரே ஓர் இடம், போட்டியில் நாம் இரண்டு பேர் என்று இருந்த வாரம். துறைத்தலைவர் உன்னைக் கூப்பிட்டு, தனியாக விட்டால் யார் சமாளிப்பீர்கள் என்று கேட்டாராம். அடுத்த அறைத் தொட்டியில் அக்கா கழுவிக்கொண்டிருந்திருக்கிறார். நீ சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன். "அவ நல்ல பொண்ணுதான் சார். ஆனா இங்கிலீஷ்ல செய்முறையைக் கையில கொடுத்தா தடுமாறுவா. வேணும்னா இதைப் பாருங்க." நீ பையிலிருந்து எடுத்துக் கொடுத்தது என் தப்பு நோட்டு.

அந்த நோட்டு எதற்கு வந்தது என்பதை நீ மறந்திருக்கலாம். உயிரியல் மாணவர்களுக்கான ஆங்கில வகுப்பில் முதல் நாளே டீச்சர் சொன்னார்: "முதல்ல செல்லைக் கொல்லாம இருங்க. இலக்கணம் அப்புறம் பார்க்கலாம்." செய்முறைத் தாளைப் படித்து, காலிக் குழாயும் தண்ணீரும் வைத்து நடித்துக் காட்டுவோம், பிறகு ஆய்வகத்தில் நிஜமாகச் செய்வோம். நான் தப்பாகப் புரிந்துகொண்டதை நீ என் நோட்டில் எழுத வேண்டும், உன்னுடையதை நான். ஒவ்வொரு பதிவுக்கும் கீழே தப்பு செய்தவள் கையெழுத்துப் போட வேண்டும். என் நோட்டு உன்னிடம் இருக்கும், உன்னுடையது என்னிடம். "உங்க தப்பை நீங்களே வெச்சிருந்தா ஒளிச்சு வைப்பீங்க. கூட்டாளிகிட்ட இருந்தா கூச்சம் விட்டுப்போகும்" என்பார். எனக்கு விட்டுத்தான் போனது. உன்னை அவ்வளவு நம்பியிருந்தேன்.

போன வாரம் என் ஆய்வுத் திட்டம் பற்றிய விசாரணையில், மூன்று பேராசிரியர்கள் முன்னால் துறைத்தலைவர் அந்த நோட்டை வாசித்தார். முதல் வாரத்தில் மைக்ரோலிட்டரை மில்லிலிட்டர் என்று நினைத்து, ஆயிரம் மடங்காகக் குழாய் வழிய ஊற்றியது. என் தப்புதான். அவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பிறகு ஒரு பக்கம்: "இயந்திரத்தில் குழாயைச் சுழற்றி முடித்ததும் மேலே நின்ற நீரை வைத்துக்கொண்டு, அடியில் படிந்த செல்களைக் கொட்டிவிட்டாள்." அதில் என் கையெழுத்து இல்லை. கையெழுத்து இல்லாததை யாரும் கவனிக்கவும் இல்லை.

கொட்டியது நீ. தாளில் இருந்த ஒரு வார்த்தைக்கு அர்த்தம் தெரியவில்லை. கேட்டால் பக்கத்து மேசை சிரிக்கும் என்று பயந்து, நீயாகவே ஓர் அர்த்தத்தை ஊகித்துக்கொண்டாய். ஆராய்ச்சி அண்ணன் மூன்று நாள் வளர்த்த செல்கள் தொட்டியோடு போயின. நீ வாயைப் பொத்திக்கொண்டு அழுதாய். நான்தான் போய், "ரெண்டு பேரும் சேர்ந்துதாண்ணா பண்ணினோம்" என்றேன். அந்த "ரெண்டு பேரும்" என்பதிலிருந்து நீ எப்போது உன்னை மட்டும் உருவிக்கொண்டாய்?

பக்கத்து மேசைக்காரர்கள் ஆங்கிலப் பள்ளியில் படித்தவர்கள். போன மாதம் அவர்களில் ஒருவன் நுண்ணோக்கியின் லென்ஸையே உடைத்தான். கை தவறிவிட்டதாம், பாவமாம். நாம் ஒரு துளி சிந்தினால் தரம் இல்லையாம். அவர்களுக்குத் தப்பு நோட்டு கிடையாது. நமக்குத்தான் உண்டு. அதையும் நம்மில் ஒருத்தியே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டுமா?

என் ஆய்வுத் திட்டத்தை நிறுத்திவைத்துவிட்டார்கள். அது இல்லாமல் இந்த ஆண்டு எனக்குப் பட்டம் இல்லை. அடுத்த மாதம் பதினான்காம் தேதி மறுவிசாரணை. புது வகுப்பில் பதினொரு பேர் சேர்ந்திருக்கிறார்கள். கூட்டாளியிடம் நோட்டைக் கொடுங்கள் என்று டீச்சர் சொன்னபோது ஒருவரும் கொடுக்கவில்லையாம். விஷயம் அவர்கள் காதுக்கும் போயிருக்கிறது.

உன் நோட்டு என் பெட்டியில் இருக்கிறது. அதே தேதி, அதே தப்பு, கீழே உன் கையெழுத்து. அதைத் துறைத்தலைவர் மேசையில் வைத்தால் இரண்டு நிமிடத்தில் என் பெயர் சுத்தமாகும். மூன்றாவது நிமிடம் பலகையிலிருந்து உன் படம் இறங்கும். எடுத்துக்கொண்டு மூன்று முறை அந்த அறை வாசல்வரை போனேன். நல்லவள் என்பதால் திரும்பவில்லை. நம் இரண்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இதுகள் எல்லாமே இப்படித்தான் என்று அவர்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்கு என் கையால் தீனி போட எனக்கு மனம் வரவில்லை. பதினான்காம் தேதி வரை வராது. அன்றைக்கு எப்படி இருப்பேன் என்று எனக்கே தெரியாது.

அதற்குள் நீயே துறைத்தலைவருக்கு எழுது. அந்தப் பக்கம் உன்னுடையது என்று ஒரு வரி போதும். உன் இடம் போகாதபடி பக்குவமாக எழுத உனக்குத் தெரியும். அங்கே குளிர் அதிகம் என்கிறார்கள். உனக்குச் சட்டென்று காது வலி வரும், காதை மூடிக்கொண்டு வெளியே போ. புரியாத வார்த்தை வந்தால் வெட்கப்படாமல் கேள், தனியாக ஊகிக்காதே. அந்த ஒரு வரியை ஆங்கிலத்திலேயே எழுது. தப்பு வந்தாலும் பரவாயில்லை, நான் எங்கேயும் குறித்துவைக்க மாட்டேன்.

தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
சுற்றிச் சுற்றி நடந்துகொண்டே படிப்பதால் நீ பெயர் வைத்த
சுழலி