வாங்க என்று கேட்காத ஊர்

அம்மா,

உன் நீள நோட்டின் பின்பக்கங்களில் இதை எழுதுகிறேன். பீரோவின் அடித்தட்டில் கிடந்ததால் அந்துருண்டை வாசம் இன்னும் போகவில்லை. பக்கம் திருப்பும்போதெல்லாம் அது மூக்கில் ஏறுகிறது. உடனே நீ சுவரில் சாய்ந்து, ஒரு கையில் போனும் மறு கையில் பேனாவுமாக உட்கார்ந்திருப்பது தெரிகிறது. நேற்று அத்தை பீரோவைக் காலி செய்தார். புடவைகளைத் தனியாக மூட்டை கட்டினார். இந்த நோட்டைப் பழைய பேப்பரோடு போட்டுவிட்டார். அவர் சமையலறைக்குப் போன நேரத்தில் எடுத்துத் தலையணை உறைக்குள் ஒளித்துக்கொண்டேன். இப்போது அவர் என் பக்கத்தில் சுவரைப் பார்த்துத் தூங்குகிறார். நான் போர்வைக்குள் போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன். இரண்டு வரிக்கு ஒருமுறை நிறுத்தி அவர் மூச்சைக் கேட்டுக்கொள்கிறேன்.

அத்தைக்கு மட்டும் பயந்தால் பரவாயில்லை. உன்னை நினைத்தாலும் பயமாக இருக்கிறது. இன்று விடிகாலையில் கொடுமுடிக் கோயிலில் அப்பாவுக்குக் கல்யாணம் நடந்தது. பெண் வெள்ளகோவில்காரர். பரீட்சை இருக்கிறது என்று சொல்லி நான் போகவில்லை. ஆரத்தி எடுக்க ஆள் வேண்டும் என்று அத்தையும் வீட்டிலேயே தங்கிவிட்டார். புதிதாக வருகிறவர் காரில் வந்து இறங்கும்போது நான் வாசலில் நின்று வாங்க என்று கேட்க வேண்டும் என்று எல்லோரும் சொல்லி வைத்திருந்தார்கள். கேட்கவே கூடாது என்று நான் முடிவு செய்திருந்தேன். வாசலில் என்ன நடந்தது என்று வேறு யார் வாயிலிருந்தும் இல்லாமல் நானே உனக்குச் சொல்ல வேண்டும்.

அதற்கு முன்னால் நோட்டின் முதல் பக்கத்தைப் படித்தேன். உன் கையெழுத்து வேலை நேரத்தில் மட்டும் அழகாக இருக்கும். “ஊருக்குள் நுழைந்தேன். சத்திரத்தில் நான்கு பேர் இருந்தார்கள். ஒருவரும் வாங்க என்று கேட்கவில்லை. மிகப் பெரிய தவறு. உடனே சரிசெய்ய வேண்டும்.”

சரவணம்பட்டிப் பக்கம் ஒரு சின்ன கம்பெனிக்கு நீ வீட்டிலிருந்தே வேலை பார்த்தாய். அவர்கள் ஒரு மாய உலக விளையாட்டு செய்துகொண்டிருந்தார்கள். ஆடுகிறவர் ஒரு வில்லாளியாகவோ வைத்தியச்சியாகவோ மாறி ஊர் ஊராகப் போவார், பூதங்களோடு சண்டை போடுவார். வெளியே விடுவதற்கு முன் அதை ஆடிப் பார்த்து, தவறுகளைக் கண்டுபிடித்து எழுதுவது உன் வேலை. ஆடியவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று அவர்கள் எழுதி அனுப்புவதைப் படித்துப் பிரித்து வைப்பதும் உன் வேலைதான். லேத் பட்டறையிலிருந்து வந்ததும் அப்பா, இன்னிக்கு எத்தன பூதம் செத்துதுங்க என்று கேட்பார். நீ தலையைத் தூக்காமல் ஒரு எண்ணைச் சொல்வாய்.

அந்த முதல் புகாருக்குக் கம்பெனித் தம்பி போன் செய்ததை மறக்கவே முடியாது. நீ ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாய்.

“அக்கா, இது தப்புல சேராதுங்க. எந்த கேம்லயும் ஊருக்குள்ள போனா யாரும் வாங்கன்னு கேக்க மாட்டாங்க.”

“அப்ப எல்லா கேமும் தப்புதானுங்க தம்பி.”

தம்பி சிரித்தார். நீ சிரிக்கவில்லை. கல்யாண வீட்டில் வாங்க என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதற்காக உன் பெரியப்பா வீட்டோடு ஒன்பது வருஷம் பேச்சு நின்றுபோன கதையை அவருக்குச் சொன்னாய். பந்தியில் எல்லாம் சரியாகத்தான் இருந்ததாம். வாசலில் ஒருவர் போனில் பேசிக்கொண்டே இருந்துவிட்டார், அவ்வளவுதான். மலை தாண்டி, ஆறு தாண்டி, பாதி உயிரோடு ஒருவன் உங்கள் ஊருக்கு வருகிறான், சத்திரக்காரர் அவன் முகத்தைக்கூடப் பார்க்காமல் தம்ளரைத் துடைத்துக்கொண்டு நிற்கிறார், அவன் எதற்கு அந்த ஊரைக் காப்பாற்ற வேண்டும் என்று கேட்டாய். செரிங்க அக்கா, போட்டுடறேன் என்றார் தம்பி.

அடுத்த வாரம் வந்த விளையாட்டைத் திறந்ததும் நீயும் நானும் விழுந்து விழுந்து சிரித்தோம். தம்பி எல்லோருக்கும் வாங்க போட்டுவிட்டார். சந்தையில் ஓர் அடி வைத்தால் பத்துப் பேர் ஒரே குரலில் வாங்க என்றார்கள். மீன்காரி வாங்க என்றாள். திருடனும் வாங்க என்று கேட்டுவிட்டுத்தான் பையைப் பிடுங்கினான். குகை வாசலில் மூன்று தலைப் பூதம் ஒரு தலைக்கு ஒரு வாங்க வீதம் கேட்டது. நீ கண்ணைத் துடைத்துக்கொண்டே போன் செய்தாய்.

“பூதத்தோடத மட்டும் இருக்க உடுங்க தம்பி. சண்டைக்கே வந்தாலும் வந்தவங்க வந்தவங்கதானுங்களே.”

மற்றதையெல்லாம் எடுக்கச் சொன்னாய். அன்று எழுதிய குறிப்பு ஆறாம் பக்கத்தில் இருக்கிறது. எல்லோரும் ஒரேமாதிரி கேட்டால் யாருமே கேட்காததுபோல் ஆகிவிடுகிறது. ஒருவர் போதும், ஆனால் அவர் பார்த்துவிட்டுக் கேட்க வேண்டும். போன தடவை நான் யாருடைய ஆட்டைத் தேடிக் கொடுத்தேனோ, அவர் எழுந்து வர வேண்டும்.

ஆடுகிறவர்கள் எழுதியதையெல்லாம் எனக்குப் படித்துக் காட்டுவாய். வாள் சத்தம் எவர்சில்வர் தட்டு விழுவதுபோல் இருக்கிறது என்று ஈரோட்டு அண்ணன் ஒருவர் எழுதியிருந்தார். எந்த இடத்திலும் நிறுத்திவைத்துவிட்டுப் பிறகு தொடர முடிய வேண்டும், எனக்குப் பத்து நிமிஷம்தான் கிடைக்கும் என்று ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருவர். மழை பெய்தால் என் ஆள் ஒதுங்கி நிற்க ஒரு கூரை வேண்டும் என்று ஒருவர் வெறும் ஒரு வரி எழுதியிருந்தார். உனக்கு அதுதான் ரொம்பப் பிடித்தது. பெரிய பூதமும் புதிய கத்தியும் கேட்டவர்கள்தான் நிறையப் பேர். ஆனால் நீ அந்தக் கடிதங்களையும் கடைசிவரை படிப்பாய். கத்தி கேட்கிறவனும் நான் வந்ததால் இங்கே ஏதாவது மாறியதா என்றுதான் கேட்கிறான் என்பாய்.

உனக்குக் கோபம் வந்தது ஒரே ஒரு விஷயத்துக்குத்தான். விளையாட்டில் ஊர்த் தலைவர் உதவி கேட்பார். செய்கிறேன், முடியாது என்று இரண்டு பட்டன் வரும். முடியாது என்று அழுத்தினாலும் அவர் சிரித்துக்கொண்டே, நீ செய்வாய் என்று எனக்குத் தெரியும் என்பார். கதை அதே வழியில்தான் போகும். நீ அன்று போனிலேயே சத்தம் போட்டாய்.

“ரெண்டு பஸ்ஸும் காந்திபுரம்தான் போகுதுன்னா எதுக்குங்க ரெண்டு போர்டு? முடியாதுன்னா முடியாதுங்கோணும். ஊரு கெட்டாலும் செரி. இல்லீன்னா கேக்கவே கேக்காதீங்க.”

நான் சொன்னதும் ஒன்று நோட்டில் இருக்கிறது. எல்லா ஊரும் சுற்றிவிட்டு என் ஆள் பிறந்த ஊருக்குத் திரும்புவாள். அங்கேயும் ஒருவர் எழுந்து வாங்க என்பார். நான் உன் தோளைத் தட்டி, அம்மா, நான் அந்த ஊர்க்காரி, என்னை எதற்கு வாங்க என்று கேட்கிறார்கள் என்றேன். நீ பேனா மூடியை வாயில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாய். பிறகு எழுதினாய்: “சொந்த ஊரில் எடுத்துவிடவும். பாப்பா கண்டுபிடித்தது.” அதை அவர்கள் சரிசெய்தார்களா என்று தெரியாது. அதற்குள் உனக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. ஐந்தே நாள். அதற்குப் பிறகு நான் அந்த விளையாட்டைத் திறக்கவில்லை.

ஒரு வாரமாக அத்தை எனக்குப் பாடம் நடத்தினார். தலை பின்னும்போது, சோறு போடும்போது, எப்போதும் அதே பேச்சு.

“வந்து எறங்குனதும் மொத ஆளா நீதான் வாங்கம்மான்னு கேக்கோணும், அம்மணி. அம்மான்னு வாய் வல்லீன்னா சித்தின்னாச்சும் கேளு. நீ கேக்கலீன்னா உங்கொப்பனுக்குத்தான் தலகுனிவு.”

நான் பதில் சொல்லவில்லை. அத்தை அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். எனக்கு இருந்த எண்ணம் வேறு. வாசலில் நிற்பேன், வாயைத் திறக்க மாட்டேன். இந்த வீட்டில் நான் ஒருத்தி கேட்கவில்லை என்றால், உன் இடம் அப்படியே இருக்கும். அவர் எத்தனை வருஷம் இருந்தாலும் கேட்கப்படாமல் உள்ளே வந்தவராகத்தான் இருப்பார். இதை நினைத்துக்கொண்டே இரண்டு நாளாகச் சாப்பிட முடியவில்லை.

மதியம் கார் வந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள், பட்டறை ஆட்கள், அப்பாவின் சொந்தக்காரர்கள் என்று வாசல் நிறைந்திருந்தது. அவர் இறங்கினார். என்னைவிடக் கொஞ்சம்தான் உயரம். கையில் ஒரு துணிப்பை. எல்லோரும் வாங்க வாங்க என்றார்கள், சிலர் போனில் படம் எடுத்துக்கொண்டே. அம்மா, அது அப்படியே அந்தச் சந்தைதான். அவர் ஒவ்வொருவருக்கும் தலையாட்டினார், ஆனால் யாரும் அவரைப் பார்த்துக் கேட்டதுபோல் எனக்குத் தெரியவில்லை. அத்தை ஆரத்தி சுற்றி முடித்தார். பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் நிலைப்படியில் நடுவாக நின்றிருந்தேன். வாய் திறக்கவில்லை. அத்தை என் கையைக் கிள்ளினார். அப்பா செருப்பைக் கழற்றுவதுபோல் குனிந்துகொண்டார். ஏற்கெனவே கழற்றிவிட்டிருந்தார்.

புதிதாக வந்தவர் படிக்கு வெளியே நின்று, எனக்கு மட்டும் கேட்கிற குரலில் பேசினார்.

“கண்ணு, நான் உள்ள வரட்டுங்களா? இப்ப வேண்டாம்னாலும் செரிங்க. நான் கார்ல போய் உக்காந்துக்கறேன். எனக்கொண்ணும் இல்லீங்க.”

பேச்சுக்குத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். நான் ஒன்றும் சொல்லாததால் அவர் உண்மையிலேயே திரும்பி நடந்தார். கார்க் கதவைத் திறந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கூட்டத்தில் சத்தம் கிளம்பியது. இதென்ன கூத்து என்று யாரோ சொன்னார்கள். ஆரத்தித் தட்டோடு அத்தை அங்கும் இங்கும் ஓடினார். அப்பா கார்ப் பக்கம் போனார். அவர் அப்பாவிடம் என்னவோ சொன்னார். அப்பா அங்கேயே நின்றுவிட்டார். ஒருவரும் அவரைப் பிடித்து இழுத்துவரவில்லை. ஒருவரும் என்னைத் தள்ளவும் இல்லை.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. என் வாயால் வேண்டாம் என்று சொன்னால் அது நடந்துவிடும் என்று புரிந்ததும் முன்னைவிடப் பயம் வந்தது. வெயிலில் அந்தக் கார் கண்ணாடி அடுப்புபோல் இருந்திருக்கும். அவர் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். என்னைப் பார்க்கவில்லை. பார்த்தால் நான் கட்டாயப்பட்டுவிடுவேன் என்று நினைத்திருப்பார் போல.

நான் படியிறங்கிப் போனேன். செருப்பில்லாமல் போனதால் கால் சுட்டது. காருக்குப் பக்கத்தில் நின்று, வாங்க என்றேன். அம்மா என்றும் சொல்லவில்லை, சித்தி என்றும் சொல்லவில்லை. அவ்வளவுதான் வந்தது.

அவர் சரிங்க கண்ணு என்று இறங்கினார்.

சாயங்காலம் அத்தை அவரிடம் உன்னைப் பற்றிப் பேசுவது சமையலறையில் கேட்டது. போன்ல வெளையாடற வேலயாமா, அதுக்குச் சம்பளம் வேற என்று சொல்லிச் சிரித்தார். அவர் சிரிக்கவில்லை. தண்ணீர் குடிக்கப் போன என்னிடம் அது என்ன வேலை என்று கேட்டார். ஆடுகிறவர்களுக்கு என்ன வேண்டும் என்று பார்த்து எழுதுகிற வேலை என்றேன். அவர், என்ன வேணும்னு அவங்களுக்கே தெரியாதேங்க, ரொம்பக் கஷ்டமான வேலையா இருந்திருக்கும் என்றார். நான் தம்ளரை வைத்துவிட்டு வந்துவிட்டேன். உன்னைப் பற்றி அவரோடு பேசலாமா கூடாதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

உன் வேலையிலிருந்து எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. பள்ளிக்கூடத்தில், பஸ்ஸில், விசேஷ வீட்டில் எங்கே போனாலும், யார் கேட்கப்படாமல் நிற்கிறார்கள் என்று கண் தானாகத் தேடுகிறது. இன்று அப்படி நின்றவர் இவராக இருந்திருக்க வேண்டாம். நீ இதைத் தப்பு என்று எழுதுவாயா, அம்மா? படுத்ததிலிருந்து இதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

எழுதி வரும்போதுதான் ஒன்று ஞாபகம் வந்தது. உன்னை நான் ஒரு நாளும் வாங்க என்று கேட்டதில்லை. நீ காய் வாங்கிக்கொண்டு வேர்த்து வருவாய். நான் தலையைத் தூக்காமல், அம்மா, சார்ஜர் எங்கே வச்ச என்று கேட்பேன். நீயும் என்னைத் தாண்டி உள்ளே போய்விடுவாய். அப்படியென்றால் இன்று அவருக்குக் கொடுத்த வார்த்தை உன்னிடமிருந்து எடுத்தது இல்லை. அது உன்னிடம் இருந்ததே இல்லை.

பயம் முழுவதும் போகவில்லை. நாளைக் காலையில் அவர் பால் வாங்கிவிட்டு வருவார். எழுந்து நின்று கேட்பேன். மறுநாளும் கேட்பேன். நல்ல மரியாதை கற்றுக்கொண்டாள் என்று அத்தை தன் ஊரான கோபியில் போய்ச் சொல்லுவார். நான் எழுந்து நின்று கேட்கிறவரைக்கும் இவர் வந்தவர்தான், வீட்டு ஆள் இல்லை என்பது உனக்கும் எனக்கும் மட்டும் தெரியும். ஆனால் ஒரு நாள் கதவு திறக்கும், நான் ஏதோ படித்துக்கொண்டிருப்பேன், எழ மறந்துவிடுவேன். அன்றைக்கு நீ கோபித்துக்கொள்ளாதே, அம்மா.